விமானம் சிறுத்துப்போன சுவரொட்டிகள்: பழைய வான்பயண விளம்பரங்களுக்கு ஓர் அறிமுகம்

1920களில் தொடங்கி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், உலகின் பெரிய விமான நிறுவனங்கள் எல்லாம் தங்கள் வழித்தடங்களை அறிவிப்பதற்கு வண்ணச் சுவரொட்டிகளை அச்சிட்டு வந்தன. தெருச் சுவர்களைவிட இவை மிகுதியாக இடம்பெற்றது பயண முகவர்களின் அலுவலகங்களிலும், நிறுவனங்களின் பயணச்சீட்டு விற்பனைக் கூடங்களிலும், அவற்றின் கண்ணாடி முகப்புகளிலும்தான். நடைபாதையில் போகிறவரைச் சில நொடிகளாவது நிறுத்தவேண்டும். உள்ளே வந்து காத்திருப்பவரின் மனத்தில் ஓர் ஊரின் ஆசையை ஊன்றவேண்டும். விலைப்பட்டியலோ கால அட்டவணையோ அச்சுவரொட்டிகளில் பெரும்பாலும் இராது. ஒரு படம், ஓர் ஊரின் அல்லது நாட்டின் பெயர், நிறுவனத்தின் பெயர், அதன் சின்னம் ஆகிய நான்கு மட்டுமே இருக்கும். இன்று அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் தேடிச் சேர்க்கும் இத்தாள்கள், வரைகலை என்பது எப்படிச் சிந்திக்கிறது என்று கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு மிக நல்ல பாடநூல்கள்.

இவற்றைப் பார்க்கத் தொடங்குபவருக்கு ஓர் எளிய வழியை முதலிலேயே சொல்லிவிடலாம். படத்தில் விமானம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கவனியுங்கள். 1930களின் தாள் ஒன்றையும் 1950களின் தாள் ஒன்றையும் 1970களின் தாள் ஒன்றையும் அருகருகே வைத்தால், விமானம் படிப்படியாகச் சிறுத்து, மூலைக்கு ஒதுங்கி, இறுதியில் காணாமற்போவது தெரியும். விற்கும் பொருளே விளம்பரத்திலிருந்து மறைந்துபோவது விந்தையாகத் தோன்றும். ஆனால் இந்தக் கலையின் வரலாறு முழுவதும் அந்த விந்தைக்குள்தான் அடங்கியிருக்கிறது.

தொடக்கக் காலத்தில் விமானம் பெரிதாக இருந்ததற்குக் காரணம் வெளிப்படையானது. விமானத்தில் ஏறலாம் என்பதையே மக்களுக்கு நம்பவைக்க வேண்டியிருந்தது. பணம் படைத்தவர்களுக்குக் கப்பலும் முதல் வகுப்பு ரயிலும் பழகிய வசதிகள்; வானூர்தியோ இரைச்சலும் குலுக்கலும் ஆபத்தும் நிறைந்த புதுப்பொருள். ஆகவே ஓவியர்கள் அதன் உலோக உடலை உறுதியான, பளபளப்பான, பெரிய வடிவமாக வரைந்து, தாளின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாகப் பாயவிட்டார்கள். சாய்கோடு வேகத்தைச் சொல்லும், கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கோணம் வலிமையைச் சொல்லும் என்பது அக்காலச் சுவரொட்டிக் கலையில் நன்கு வேரூன்றியிருந்த பாடம். பிரான்சில் கஸாண்ட்ர் என்ற பெயரில் வரைந்த ஓவியர் 1927இல் 'நோர் எக்ஸ்பிரஸ்' ரயிலுக்கும் 1935இல் 'நார்மண்டி' கப்பலுக்கும் செய்த சுவரொட்டிகள் இதற்கு இலக்கணமாகவே அமைந்துவிட்டன: தேவையற்ற விவரங்களை எல்லாம் நீக்கி, இயந்திரத்தை வடிவியல் உருவங்களாகச் சுருக்கி, பார்ப்பவரை அதன் அடியில் நிறுத்திவிடும் முறை அது. விமான நிறுவனங்கள் கப்பல், ரயில் நிறுவனங்களிடமிருந்து பயணிகளை மட்டுமின்றி இந்த ஓவிய மொழியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டன.

சுருக்குவதில் அக்காலத்தின் மிகச் சிறந்த சாதனை என்று நான் கருதுவது ஒரு சின்னத்தை. 1924இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்துக்காக 1932இல் தெயர் லீ-எலியட் என்ற வடிவமைப்பாளர் 'ஸ்பீட்பேர்ட்' எனப்படும் பறவையை உருவாக்கினார். சில கூர்முனைகள், சில நேர்கோடுகள், அவ்வளவே. பறவை என்றும் சொல்லலாம், அம்பு என்றும் சொல்லலாம். இம்பீரியலுக்குப் பின்னர் வந்த பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகள் இன்றும் வானொலியில் தங்கள் விமானத்தை அழைக்கும் பெயராக 'ஸ்பீட்பேர்ட்' என்பதையே சொல்கிறார்கள். காகிதத்தில் வரைந்த உருவமொன்று நிறுவனங்கள் மாறியபிறகும் ஒலியாக நிலைத்திருப்பது அபூர்வம்.

அதே பத்தாண்டில் இன்னொரு வகையும் வளர்ந்தது. அது வரைபடச் சுவரொட்டி. 1933இல் உருவான ஏர் பிரான்ஸ் நிறுவனத்துக்காக லூசியன் பூஷே என்ற ஓவியர் 1930களில் தொடங்கிப் போருக்குப் பின்னும் வரைந்த உலகப் படங்கள் இவ்வகையின் உச்சம். கண்டங்கள் அனைத்தும் பரந்து விரிந்திருக்கும்; அவற்றின்மேல் அந்தந்த நிலத்தின் விலங்குகள், மரங்கள், கோபுரங்கள், புராண உருவங்கள் எல்லாம் நுணுக்கமாக அடுக்கப்பட்டிருக்கும்; பாரிசிலிருந்து புறப்படும் கோடுகள் அவற்றுக்கு ஊடாக ஓடும். கஸாண்ட்ரின் வழியில் வந்தவர்கள் ஒரே பார்வையில் முடிந்துவிடும் படத்தைத் தேடினார்கள் என்றால், பூஷே பார்வையாளரை நெடுநேரம் நிற்கவைக்கும் படத்தைத் தேடினார். இரண்டும் சரியே, ஏனெனில் இடம் வேறு. கண்ணாடி முகப்பில் தொங்குவதற்கு முதலாவது ஏற்றது. முகவரின் மேசைக்கு எதிரே, முறை வரும்வரை அமர்ந்திருப்பவரின் கண்ணெதிரே தொங்குவதற்கு இரண்டாவது ஏற்றது. இப்படங்களில் புவியியல் துல்லியம் எதிர்பார்க்கத் தக்கதன்று. வழித்தடக் கோடு எங்கெங்கு செல்கிறதோ அங்கெல்லாம் உலகம் இருக்கிறது என்ற எண்ணத்தை உண்டாக்குவதே அவற்றின் நோக்கம்.

அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனம் 1935இல் பசிபிக் பெருங்கடலைக் கடந்து அஞ்சல் கொண்டுசெல்லத் தொடங்கியபோது, அதன் 'கிளிப்பர்' எனப்பட்ட கடல்விமானங்கள் சுவரொட்டிகளில் தீவுகளுக்கு மேலாகப் பறந்தன. பால் ஜார்ஜ் லாலர் அந்நிறுவனத்துக்காக வரைந்த தென்கடல் தீவுப் படங்களில் விமானமும் ஊரும் ஏறத்தாழச் சமமாக இடம்பிடிக்கின்றன. இங்கேதான் தராசு சாயத் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானத்தின் மீதிருந்த அச்சம் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் அச்சம் குறைந்ததால் மட்டும் விமானம் படத்தில் சிறுத்துவிடவில்லை. அதற்கு ஒரு வணிகக் காரணமும் உண்டு. அறிமுகக் கட்டுரைகள் பலவற்றில் இது விடுபட்டுப் போகிறது. 1945 ஏப்ரலில் ஹவானாவில் பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா நிறுவப்பட்டது. அதன் மாநாடுகளில் பன்னாட்டு வழித்தடங்களின் கட்டணங்கள் பேசி முடிவுசெய்யப்பட்டன. அரசுகள் அவற்றுக்கு ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவுக்குள்ளும் 1938 முதல் 1978 வரை கட்டணங்கள் அரசு வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. அதாவது ஒரே தடத்தில் பறக்கும் இரண்டு நிறுவனங்கள் ஒரே விலையைத்தான் வாங்கமுடியும். விமானங்களும் பெரும்பாலும் லாக்ஹீட், டக்ளஸ், போயிங் போன்ற ஒரு சில ஆலைகளிலிருந்தே வந்தன. விலையும் ஒன்று, ஊர்தியும் ஒன்று என்றால் போட்டியிட எது மிச்சம்? உபசரிப்பும், பெயரும், படமும்தான். உபசரிப்பிலும் விதிகள் புகுந்தன: 1958இல் அட்லாண்டிக் தடத்தின் சிக்கன வகுப்பில் தரப்படும் சாண்ட்விச் எவ்வளவு எளிமையாக இருக்கவேண்டும் என்பதைப் பற்றி நிறுவனங்கள் ஒன்றன்மேல் ஒன்று புகார் கூறிச் சண்டையிட்ட கதை வான்பயண வரலாற்றில் இருக்கிறது. ரொட்டித் துண்டின்மேல் எதை வைக்கலாம் என்பதற்கே கட்டுப்பாடு இருந்த உலகில், சுவரொட்டிக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை. நல்ல ஓவியர்களுக்கு வேலை குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

அந்தப் போட்டியில் விமானத்தைக் காட்டிப் பயனில்லை, அது எதிரியிடமும் இருக்கிறது. ஆகவே போய்ச் சேரும் ஊரைக் காட்டினார்கள். அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்துக்காக டேவிட் க்ளைன் என்ற ஓவியர் 1950களிலும் 60களிலும் வரைந்த வரிசையை இதற்கு முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். அவர் அதற்குமுன் பிராட்வே நாடகங்களுக்கு விளம்பர அட்டைகள் வரைந்தவர். அரங்க ஒளியின் இயல்பு அவருக்குக் கைவந்திருந்தது. 1956ஆம் ஆண்டளவில் அவர் செய்த நியூயார்க் சுவரொட்டி டைம்ஸ் சதுக்கத்தின் இரவைக் காட்டுகிறது. ஆனால் அதில் ஒரு கட்டடத்தையும் இது இன்னதென்று சுட்டிச் சொல்லமுடியாது. மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு ஆகிய நிறங்களின் கோணத் துண்டுகள் இருபுறமும் குவிந்து, நடுவே ஆழமாகப் போகும் தெருவொன்றை உண்டாக்குகின்றன. பார்ப்பவரின் கண்ணே அத்துண்டுகளை விளக்குகளாகவும் விளம்பரப் பலகைகளாகவும் ஊர்திகளாகவும் ஆக்கிக்கொள்கிறது. மேலே ஒரு சிறிய விமானத்தின் நிழலுரு. அது மூன்று செங்குத்து வால்களைக் கொண்ட லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். அருவ ஓவியத்தின் முறையை, ஓவியக் கூடத்துக்குப் போகாத மக்களிடம் அலுவலகச் சுவர் வழியாகக் கொண்டுசேர்த்த படம் இது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1957இல் இதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

க்ளைனின் படங்களில் கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொன்று, விமானத்தின் சிறிய உருவம் செய்யும் வேலை. அது வெறும் அடையாளமன்று, அளவுகோலும் ஆகிறது. அந்தச் சிறு நிழலுருவை மறைத்துப் பார்த்தால் நகரத்தின் பிரமாண்டம் பாதியாகக் குறைந்துவிடும். மேலும், அதைத் தனியே மாற்றிக்கொள்ளலாம் என்ற நடைமுறை வசதியும் இருந்தது. 1958 அக்டோபரில் முதலில் பி.ஓ.ஏ.சி.யின் காமெட் 4 விமானமும், அதே மாத இறுதியில் பான் அமெரிக்கனின் போயிங் 707 விமானமும் அட்லாண்டிக்கைக் கடந்து ஜெட் யுகத்தைத் தொடங்கிவைத்த பிறகு, சுழலியுடைய விமானத்தின் உருவம் பழமையாகத் தெரிந்தது. டி.டபிள்யூ.ஏ. பல படங்களை அப்படியே வைத்துக்கொண்டு, விமானத்தை மட்டும் ஜெட்டாக மாற்றி மறுபடி அச்சிட்டது.

இவ்வோவியங்களின் தோற்றத்தை முடிவுசெய்ததில் ஓவியரின் விருப்பத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அச்சுக்கூடத்துக்கும் உண்டு. பழைய சுவரொட்டிகளில் பெரும்பகுதி லித்தோ முறையில் அச்சானவை. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று ஒட்டாது என்ற இயல்பே இம்முறையின் அடிப்படை. சுண்ணாம்புக் கல்லின்மீது, பிற்காலத்தில் துத்தநாகத் தகட்டின்மீது, கொழுப்புள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சுமையைப் பூசினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லோ தகடோ தேவை. ஆறு நிறம் என்றால் அதே தாள் ஆறு முறை அச்சு இயந்திரத்துக்குள் போய்வரவேண்டும். ஒவ்வொரு நிறமும் கூடுதல் செலவு, கூடுதல் நேரம். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் அமரவேண்டும் என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். இதனால் ஓவியர்கள் நிறங்களை எண்ணிச் செலவிடப் பழகினார்கள். கடலையும் வானத்தையும் ஒரே நீலத்தில் அடக்குவது, நிழலுக்கு வேறு நிறம் தேடாமல் இரண்டு நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று விழச்செய்து மூன்றாவதைப் பெறுவது, தாளின் வெண்மையையே மேகமாகவோ பனியாகவோ விட்டுவைப்பது ஆகியவை எல்லாம் இந்தச் சிக்கனத்தில் பிறந்த உத்திகள். இன்று கணினியில் இப்பாணியைப் பின்பற்றிச் செய்யப்படும் படங்கள் பலவும் உயிரில்லாமல் தோன்றுவதற்கு, அவற்றைச் செய்பவர்களுக்கு நிறங்களுக்குப் பஞ்சமில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறவேண்டிய இடங்களில் மைத்தூவியைப் பயன்படுத்தினார்கள். காற்றின் அழுத்தத்தால் மையைப் பனிபோலத் தெளிக்கும் சிறு கருவி அது. பிரிட்டனின் ஏப்ரம் கேம்ஸ் இதில் கைதேர்ந்தவர், பி.ஓ.ஏ.சி.க்காக அவர் செய்தவற்றில் இரண்டு பொருள்கள் ஒன்றாக உருகி மூன்றாவது ஒன்றாக மாறும். குறைந்த சாதனங்களால் நிறைந்த பொருளைத் தரவேண்டும் என்பது அவர் கடைப்பிடித்த கொள்கை.

எழுத்தைப் பொறுத்தவரை, தொடக்கக் காலச் சுவரொட்டிகளில் எழுத்துகளும் கையால் வரையப்பட்டவையே. படத்தின் கோடுகளோடு அவை இணங்கிப் போவதற்கு அதுவே காரணம். படத்தின் அடியிலோ மேலேயோ ஒரு வெற்றுப்பட்டை விடப்பட்டிருப்பதையும் காணலாம். ஒரே படத்தைப் பல நாடுகளுக்கு அனுப்பும்போது அந்தந்த மொழியில் ஊர்ப் பெயரையும் முழக்கத்தையும் அச்சிடுவதற்கும், முகவர் தம் பெயரைச் சேர்த்துக்கொள்வதற்கும் அந்த இடம் பயன்பட்டது. பல மொழி பேசுவோரிடையே செல்லவேண்டிய தாள் என்பதால் படமே முழுச் செய்தியையும் சொல்லவேண்டிய பொறுப்பு ஓவியருக்கு இருந்தது.

ஊரை எப்படிக் காட்டுவது என்பதில் நிறுவனங்களுக்கு இடையே வேறுபாடு உண்டு. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ்.க்கு வரைந்த டேனிஷ் ஓவியர் ஓட்டோ நீல்சன் தெருக்களையும் மக்களையும் கதைசொல்லும் பாங்கில் தீட்டினார். ஏர் பிரான்சுக்கு வரைந்த பெர்னார் வில்மோ, நிறப்பரப்புகளையே பேசவிட்டார். ஏர் இந்தியா நகைச்சுவையைத் தேர்ந்தெடுத்தது. அந்நிறுவனத்தின் பாபி கூக்காவும், ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய ஓவியர் உமேஷ் ராவும் 1946இல் உருவாக்கிய 'மகாராஜா', பெரிய மீசையும் தலைப்பாகையுமாக ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வேடமிட்டுச் சென்றார். மற்ற நிறுவனங்கள் ஊரைக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஊரில் போய் நிற்கும் பயணியைக் காட்டியது இந்த வரிசை. தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் துணிவும் அதற்கு இருந்தது.

இந்த அழகுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரு நாட்டை ஒரே உருவத்தால் சுட்டவேண்டும் என்னும்போது, நடன மங்கை, பாம்பாட்டி, ஒட்டகம், மலர்மாலை போட்ட தீவுப் பெண் என்று சில அச்சுவார்ப்புகளே திரும்பத் திரும்ப வந்தன. மேற்கு நாடுகளின் நகரங்களுக்குக் கட்டடங்களும் விளக்குகளும். ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உடைகளும் விலங்குகளும். காலனி ஆட்சிக் காலத்து வழித்தடங்களில் பறந்த நிறுவனங்களின் தாள்களில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். வடிவமைப்பின் திறனைப் பாராட்டும் அதே கண்ணால், யாருடைய பார்வைக்காக அந்த ஊர் அப்படி அலங்கரிக்கப்பட்டது என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

1960களில் தனித்தனிச் சுவரொட்டியை அழகாகச் செய்வது போதாது, நிறுவனத்தின் சீட்டு முதல் வால்பகுதி வரை எல்லாம் ஒரே குடும்பமாகத் தோன்றவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஜெர்மனியின் ஊல்ம் வடிவமைப்புப் பள்ளியில் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஹரின் குழு 1962-63இல் அந்நாட்டு விமான நிறுவனமான லுஃப்தான்சாவுக்கு வகுத்துத் தந்த விதிமுறைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1918இல் ஓட்டோ ஃபிர்லே சின்னமாக வரைந்த கொக்கு அப்படியே இருந்தது. ஆனால் அதைச் சுற்றிய வட்டம், மஞ்சள், நீலம், ஹெல்வெட்டிகா எழுத்துரு, கட்டங்களின் அளவு எல்லாம் எழுதி வைக்கப்பட்டுவிட்டன. ஏறத்தாழ அதே காலத்தில், 1961இல், ஹென்ரியான் என்ற வடிவமைப்பாளர் நெதர்லாந்தின் கே.எல்.எம். விமான நிறுவனத்தின் கிரீடச் சின்னத்தைச் சில கோடுகளாகவும் புள்ளிகளாகவும் எளிமையாக்கினார். ஓவியரின் கையெழுத்துக்கு இருந்த இடம் இதனால் குறுகியது. அமெரிக்காவின் பிரானிஃப் விமான நிறுவனம் வேறு திசையில் சென்றது: 1965இல் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் ஜிரார்டைக் கொண்டு விமானங்களையே பல வண்ணங்களில் பூசிப் பறக்கவிட்டது.

அதே சமயம் ஒளிப்படமும் தூரிகையின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாகத் தாளுக்கு மையை மாற்றும் ஆஃப்செட் முறையில் வண்ண அச்சு மலிவாகவும் துல்லியமாகவும் ஆனதும், ஊரை வரைந்து காட்டவேண்டிய கட்டாயம் இல்லாமற்போயிற்று. ஏர் பிரான்ஸ் 1967இல் ஜார்ஜ் மாத்தியூ என்ற அருவ ஓவியரிடம் நாடுகளை வெறும் தூரிகை வீச்சுகளால் காட்டச் சொன்னதை, ஓவியத்தின் இறுதிப் பெரும் முயற்சிகளில் ஒன்றாகப் பார்க்கலாம். அதில் விமானமும் இல்லை, ஊரும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் செர்மாயெஃப் அண்ட் கெய்ஸ்மார் வடிவமைப்பு நிறுவனம் பான் அமெரிக்கனுக்குச் செய்த வரிசையில் தாள் முழுவதும் ஒளிப்படம் நிறைந்திருக்கும். மேலே வெள்ளை எழுத்தில் நிறுவனத்தின் பெயரும் இடத்தின் பெயரும் மட்டும். சுவிஸ்ஏர் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கியார்க் கெர்ஸ்டரின் வான்வழி ஒளிப்படங்களைப் பயன்படுத்தியது; விமானத்தைக் காட்டாமல் விமானத்திலிருந்து தெரியும் நிலத்தைக் காட்டிய அத்தாள்கள் எனக்கு இவ்வகையில் மிகவும் பிடித்தவை. தொலைக்காட்சி விளம்பரம் பெருகியதும், 1978இல் அமெரிக்காவில் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் சேர்ந்து, விளம்பரத்தின் பேச்சை விலையை நோக்கித் திருப்பிவிட்டன.

கையில் ஒரு பழைய தாள் கிடைத்தால் அதன் காலத்தை எப்படிக் கணிப்பது என்ற கேள்வி இயல்பாக எழும், ஏனெனில் பெரும்பாலானவற்றில் ஆண்டு அச்சிடப்பட்டிருக்காது. விமானத்தின் வகை முதல் துப்பு: கடல்விமானம் என்றால் பெரும்பாலும் 1930களோ 40களோ, மூன்று வால் கொண்ட கான்ஸ்டலேஷன் என்றால் போருக்குப் பிந்தைய ஆண்டுகள், இறக்கையின் கீழ் நான்கு ஜெட் பொறிகள் தொங்கினால் 1958ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. நிறுவனத்தின் சின்னம் மாறிய ஆண்டும், சிலோன் போன்ற பழைய நாட்டுப் பெயர்களும் அடுத்த துப்புகள். விளிம்பில் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். மூலத்தாளா, மறு அச்சா என்று அறிய முதலில் அளவை எடுக்கவேண்டும்: ஏர் பிரான்ஸ் தாள்கள் பொதுவாக 62 × 100 செ.மீ. அளவிலும், டி.டபிள்யூ.ஏ. தாள்கள் 25 × 40 அங்குல அளவிலும், சுவிட்சர்லாந்துத் தாள்கள் 90.5 × 128 செ.மீ. அளவிலும் வந்தன. அதன்பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடி. கல்லிலோ தகட்டிலோ கையால் வரைந்து அச்சிட்ட லித்தோவில் நிறம் ஒழுங்கற்ற மணல்போலவோ முழுப் பூச்சாகவோ தெரியும். ஒரே சீரான சிறு புள்ளிகளின் வரிசை தெரிந்தால் அது ஒளிப்பட முறையில் எடுத்த அச்சு. ஆயினும் புள்ளிகள் தெரிந்த உடனே போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1950களின் பிற்பகுதியிலிருந்து பல நிறுவனங்கள் மூலத்தாள்களையே ஆஃப்செட்டில் அச்சிட்டன. ஆகவே 1935ஆம் ஆண்டுத் தாளில் புள்ளிகள் இருந்தால் ஐயப்படுவதற்குப் போதிய காரணம் உண்டு, 1965ஆம் ஆண்டுத் தாளில் இருந்தால் இல்லை.